ஓடுபாதையின் முனையில் பள்ளம்!

வளைகுடா மண்ணில் வியர்வை சிந்தும் நம் இளைஞனுக்கும், சரக்கு எடுக்கப் பறந்து செல்லும் நம் வியாபாரிக்கும் விமானப் பயணம் ஆடம்பரமல்ல. அது பிழைப்புக்கான வழி. அந்த வழி பாதுகாப்பானதா என்று கேட்கும் உரிமை பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

2020 ஆகஸ்ட் 7-ஆம் நாளை எளிதில் மறக்க முடியுமா? கொரோனா காலத்தில் வேலை இழந்தும் விசா முடிந்தும் தவித்தவர்களை ஏற்றிக்கொண்டு, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில் கோழிக்கோடு கரிப்பூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். நோய்த் தொற்று அச்சத்தையும் மறந்து, தங்கள் வாகனங்களில் காயம்பட்டவர்களை அள்ளிச் சென்றவர்கள் கொண்டோட்டிப் பகுதி மக்கள்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2010 மே 22-இல் மங்களூரில் நடந்தது என்ன? அதே நிறுவனம். அதே துபாய் தடம். அங்கும் குன்றின் மேல் அமைந்த ஓடுபாதை. 158 பேர் பலியாயினர்; உயிர் தப்பியவர்கள் 8 பேர் மட்டுமே.

‘ஓடுபாதை குட்டை, அதனால் விபத்து’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். இது பாதி உண்மைதான்.

லண்டன் மாநகர விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். கரிப்பூரில் விபத்தின்போது இருந்தது 2,700 மீட்டர். ஆனால் லண்டனில் எல்லா விமானமும் இறங்கிவிட முடியாது. அனுமதி பெற்ற சிறிய விமானங்களும், செங்குத்தாக இறங்கத் தனிப் பயிற்சி பெற்ற விமானிகளும் மட்டுமே அங்கே வர முடியும். 2009 முதல் 2020 வரை அங்கிருந்து நியூயார்க் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், முழு எரிபொருளோடு அந்தக் குட்டைப் பாதையில் எழும்ப முடியாது என்பதால், அயர்லாந்தின் ஷானன் நகரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் அட்லாண்டிக்கைக் கடந்தது. நம் லட்சத்தீவின் அகத்தியிலும் சுமார் 1,200 மீட்டர் பாதைதான். அங்கே போவது விசிறி என்ஜின் பொருத்திய சிறிய ஏ.டி.ஆர். விமானம். அளவறிந்து இயக்கினால் குட்டைப் பாதையும் ஆபத்தில்லாதது என்பதற்கு இவை சாட்சிகள்.

அளவு தவறினால் என்ன ஆகும்? தரை தொடும் வேளையில் போயிங் 737 போன்ற விமானம் ஒரு நொடிக்குச் சுமார் 70 மீட்டர் ஓடுகிறது. நான்கைந்து நொடி தாமதமாகச் சக்கரம் பதிந்தால் 300 மீட்டர் வீணாகிவிடும். மழையில் பிரேக் பிடிப்பு குறையும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் நிற்கும் தூரம் மேலும் நீளும். நீண்ட ஓடுபாதையில் இவற்றையெல்லாம் சமாளிக்கலாம். குட்டைப் பாதையிலோ ஒரு தவறுக்குக்கூட இடமில்லை!

கரிப்பூரில் நடந்தது இதுவே. பின்காற்றோடு இறங்கிய விமானம், ஓடுபாதையின் ஏறக்குறைய பாதியைத் தாண்டிய பிறகே தரையைத் தொட்டது. ‘மீண்டும் மேலே கிளப்புங்கள்’ என்று துணை விமானி சொல்லியும் தலைமை விமானி கேட்கவில்லை என்கிறது அரசின் விசாரணை அறிக்கை. மங்களூரில் துணை விமானி மூன்று முறை எச்சரித்தார். அங்கும் பலனில்லை.

விமானியின் மீது பழியைப் போட்டுவிட்டு நிர்வாகம் தப்பித்துக்கொள்ளலாமா? கோழிக்கோட்டில் போதிய தலைமை விமானிகள் இல்லை. மறுநாள் காலை விமானத்தையும் அவரே ஓட்ட வேண்டியிருந்தது. எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற நெருக்கடி அதனால் உண்டாயிற்று என்பதையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டுகிறது. ஆள் குறைத்து லாபம் பார்க்கும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பது வியாபாரம் தெரிந்த நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, தவறே நடந்தாலும் உயிர் போகாமல் காப்பது எப்படி? ஓடுபாதைக்கு அப்பால் சமதளமான பாதுகாப்புப் பகுதி இருக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி குறைந்தது 90 மீட்டர். அதே அமைப்பு பரிந்துரைப்பது 240 மீட்டர். மலையை வெட்டி அமைத்த கரிப்பூரில் அதற்குப் பின் பள்ளம்!

இடமே இல்லாத ஊர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் பர்பாங்க் நகரில் 2000-ஆம் ஆண்டு ஒரு சவுத்வெஸ்ட் விமானம் வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டது. பின்னர் அந்த முனையில், சக்கரம் ஏறியதும் நொறுங்கி விமானத்தைப் பிடித்து நிறுத்தும் மென்மையான தளத்தைப் போட்டார்கள். 2018 டிசம்பரில் அதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டியது. அந்தத் தளம் அதைப் பிடித்து நிறுத்தியது. ஒருவருக்கும் காயமில்லை! ஒரே விபத்தில் ஒரு நாடு பாடம் படித்துவிட்டது. நாம் மங்களூரில் படிக்காததற்குக் கரிப்பூரில் விலை கொடுத்தோம்.

உயிர்ப்பலி மட்டுமா? பெரிய விமானங்கள் 2015-இல் கரிப்பூரில் நிறுத்தப்பட்டு, 2018 டிசம்பரில் திரும்பி, 2020 விபத்துக்குப் பின் மறுபடியும் நிறுத்தப்பட்டன. விளைவு? பெரிய விமானத்தின் வயிற்றில் போக வேண்டிய காய்கறிச் சரக்கு கொச்சிக்கு லாரி ஏறியது. 2024, 2025 ஹஜ் பயணங்களில் கரிப்பூரிலிருந்து புறப்பட்ட ஹாஜிகள், அருகிலுள்ள கண்ணூரைவிடப் பல்லாயிரம் ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் சேமிப்பில் ஹஜ் செய்யும் ஏழைக்கு இது எவ்வளவு பெரிய சுமை!

‘பெரிய விமானத்தை உடனே விடு’ என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அதற்கு முன் வைக்க வேண்டிய கோரிக்கை, ‘பள்ளத்தை மூடு, பாதுகாப்புப் பகுதியை அமை’ என்பதே. விபத்து நடந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 2023-இல்தான் இதற்கென 14.5 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. வீடும் நிலமும் இழக்கும் குடும்பங்களுக்கு உரிய இழப்பீட்டைக் காலத்தில் கொடுத்திருந்தால் இந்தத் தாமதம் நேர்ந்திருக்குமா?

தமிழகமும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து 136 பேருடன் துபாய் புறப்பட்ட விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலெழும்பி, மும்பையில் இறங்கியது. அன்று நேர்ந்திருக்கக்கூடியதை நினைத்தாலே நெஞ்சம் பதறுகிறது. திருச்சி ஓடுபாதையை நீட்டும் திட்டமும் நில விவகாரத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட ஒன்றுதான்.

பயணிகளான நமக்கும் ஒரு கடமை உண்டு. மழையில் இறங்காமல் விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டால் ஊழியர்களிடம் சண்டைக்குப் போகிறோம். ‘இதைக்கூட இறக்கத் தெரியாதா’ என்று ஏளனம் பேசுகிறோம். சகோதரர்களே! இரண்டு மணி நேரத் தாமதம் வீட்டுக்கு ஒரு தொலைபேசியோடு முடிந்துவிடும். இறங்காமல் திரும்பும் விமானி நம் உயிரைக் காப்பாற்றியவர். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது சலுகையல்ல. பரிந்துரைக்கப்பட்ட 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி, இடமில்லாத முனைகளில் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தளம், போதிய விமானிகள், நிலம் கொடுப்போருக்கு முறையான இழப்பீடு. நாட்டுக்கு அந்நியச் செலாவணியை அனுப்பிக்கொண்டே இருக்கும் மக்கள், பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கிறார்கள். அடுத்த விபத்துக்குப் பிறகு அமைச்சர்கள் வந்து மலர்வளையம் வைக்க வேண்டாம். இன்றே மண்ணைக் கொட்டிப் பள்ளத்தை மூடுங்கள்!