‘தகாத வார்த்தை’ என்று எழுதாதீர்கள்: கேலிச் சொற்களும் சாதியும் சட்டமும்

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக் கடையொன்றில் விற்பனைப் பணியாளராக இருந்த தலித் பெண் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் நகலும் அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் இருந்தன. ‘கடை மேற்பார்வையாளர் என்னைத் தகாத வார்த்தைகளால் பேசி மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்’ என்றது மனு. மனு எழுதிக் கொடுப்பவர் எழுதிய வாக்கியம் அது. என்ன வார்த்தை என்று கேட்டேன். நெடுநேரம் தயங்கிய பிறகு, “ஐட்டம்னு கூப்பிடுவாருங்க” என்றார்.

அந்தக் கடையில் மற்றப் பெண் பணியாளர்கள் ‘அக்கா’ என்றும் ‘பாப்பா’ என்றும் அழைக்கப்பட்டனர். இவர் மட்டுமே ‘ஐட்டம்’. “உங்க காலனிப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தானே” என்றும் ஒருநாள் சொல்லியிருக்கிறார் அந்த மேற்பார்வையாளர். இவர் எதிர்த்துக் கேட்டபோது, “சும்மா கேலிக்குச் சொன்னது” என்பதே நிர்வாகத்தின் விடையாக இருந்தது.

‘ஐட்டம்’, ‘ஃபிகர்’, ‘கட்டை’, ‘பீஸ்’ போன்ற சொற்கள் இழிவானவையா என்ற விவாதம் நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. ஒரு தரப்பு, இவை இளைஞர்களின் விளையாட்டுப் பேச்சு என்கிறது. மறுதரப்பு, இவை கொச்சையானவை, நாகரிகமற்றவை, ஆகவே தவறானவை என்கிறது. இரண்டு விடைகளுமே தலித் பெண்களைக் கைவிடுகின்றன என்பது என் துணிபு. ஒரு சொல்லின் இழிவு அதன் கொச்சைத்தன்மையில் இல்லை. யார், யாரை, எந்த இடத்திலிருந்து அழைக்கிறார், அழைக்கப்பட்டவரால் திருப்பிப் பேச முடியுமா என்பதில் இருக்கிறது.

டப்ராவில் எழுந்த சிரிப்பு

2020 அக்டோபர் 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் டப்ரா தொகுதியில் இடைத்தேர்தல் பரப்புரை நடந்தது. முன்னாள் முதலமைச்சர் கமல்நாத், பா.ஜ.க. வேட்பாளராக நின்ற தலித் அமைச்சர் இமர்தி தேவியை ‘ஐட்டம்’ என்று குறிப்பிட்டார். கூட்டம் சிரித்தது. கண்டனம் எழுந்தபோது, அவருடைய பெயர் நினைவுக்கு வரவில்லை என்றும், நிகழ்ச்சிப் பட்டியலில்கூட ‘ஐட்டம் 1, ஐட்டம் 2’ என்று எழுதுவதில்லையா என்றும் விளக்கம் கூறினார். இந்தப் பேச்சையும் வேறு சில பேச்சுகளையும் காட்டி, தேர்தல் ஆணையம் அவரை நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த ஆணைக்கு உச்ச நீதிமன்றம் நவம்பர் 2 அன்று இடைக்காலத் தடை விதித்தது.

அகராதியில் ஒளிந்துகொள்ளும் இந்த உத்தியை நாம் கவனிக்க வேண்டும். ‘ஐட்டம்’ என்றால் பொருள், இனம் என்பது ஆங்கில அகராதிக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் கூட்டம் சிரித்தது அகராதிப் பொருளுக்காக அன்று. தன் அமைச்சரவையிலேயே பணியாற்றிய பெண்ணை, ஒரு மாநில அமைச்சரைப் பெயர் மறந்த பண்டமாக ஒரு மேடையில் நிறுத்த முடியும் என்பதற்காகவே சிரித்தது.

‘சேரி மொழி’ என்ற தீர்ப்பு

கொச்சைத்தன்மையை அளவுகோலாகக் கொள்வதன் ஆபத்தைத் தமிழ்நாடு 2023 நவம்பரில் கண்டது. நடிகை திரிஷாவைக் குறித்து நடிகர் மன்சூர் அலி கான் பேசிய பேச்சு கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தேசிய மகளிர் ஆணையம் தானாக முன்வந்து தலையிட்டது; காவல்துறை வழக்குப் பதிந்தது; அவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். பெண்ணை இழிவுபடுத்தும் பேச்சுக்கு எதிராக நாடே பேசிய அந்த நாட்களில்தான், ஆணையத்தின் அப்போதைய உறுப்பினர் குஷ்பு, சமூக வலைத்தளத்தில் தம்மை விமர்சித்த ஒருவருக்குப் பதிலளிக்கையில், ‘சேரி மொழி’யில் தம்மால் பேச இயலாது என்ற பொருளில் எழுதினார். தலித் அமைப்புகள் எதிர்த்தபோது, பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு ‘அன்புக்குரிய’ என்று பொருள் என விளக்கமளித்தார். மீண்டும் அகராதி.

இழிவான பேச்சு என்றால் அது சேரியின் பேச்சு என்ற முன்முடிவு, பெண்களின் மாண்பைக் காக்கும் நிறுவனத்தின் உறுப்பினரிடமே இயல்பாக வெளிப்பட்டது. சேரியில் வாழும் பெண் இந்த நாகரிக அளவுகோலின்முன் நிற்கும்போது, அவர் இழிவுக்கு ஆளானவராக அல்ல, இழிவின் ஊற்றாகவே பார்க்கப்படுகிறார். காவல் நிலையத்தில் அவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, “நீங்க பேசாத பேச்சா?” என்ற கேள்வி வருவது இதனால்தான்.

சொல்லின் தோற்றம் சொல்லைக் காப்பாற்றாது என்பதற்குக் கோயில் நகரமான காஞ்சிபுரத்தைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. தொண்டை மண்டலத்திலும் சோழ மண்டலத்திலும் இடைக்காலக் கல்வெட்டுகள் தேவரடியார் என்று குறிப்பிடும் பெண்கள், கோயில்களுக்குக் கொடை வழங்கியவர்கள். இறைவனின் அடியார் என்று பொருள்படும் அச்சொல்லின் திரிபுதான் இன்று தமிழில் பெண்ணை நோக்கி வீசப்படும் மிகக் கொடிய வசை. ‘சேரி’ என்பது ஒரு காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் மட்டுமே. ‘காலனி’யும் அப்படித்தான், ஆயினும் அது தீண்டாமையின் குறியீடாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சட்டம் எங்கே நிற்கிறது?

பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதைக் குற்றமாக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(ஆ) பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 ஆக உள்ளது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இது வழக்கமாகச் சேர்க்கப்படும் பிரிவு. ஆனால் வசைச்சொல், அவமதிக்கும் சொல் என்பதாலேயே அது இப்பிரிவின்கீழ்க் குற்றமாகிவிடாது என்று 2022 அக்டோபரில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. பேசப்பட்ட சொற்கள் எவை என்பதே ஆவணங்களில் இல்லை என்பதையும் அது சுட்டியது. 2025 ஜனவரியில் பெங்களூரு வழக்கொன்றில், ‘அசிங்கமான மொழி’ என்று சூழலின்றிப் பொதுப்படையாகக் கூறுவது, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் குற்றத்துக்கான 509ஆம் பிரிவுக்குப் போதாது என்றும் கூறியது.

எனவே ஆபாசச் சட்டத்தை இன்னும் கடுமையாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அது கடுமையாகும்போது முதலில் பிடிபடுபவர்கள் நம் பகுதி இளைஞர்களே. நமக்கு வேறொரு கருவி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 3(1)(w)(ii) பிரிவு, பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண் என்று அறிந்தே ஒருவரை நோக்கிப் பாலியல் தன்மையுள்ள சொற்களையோ செய்கைகளையோ சைகைகளையோ பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இப்பிரிவின் வலிமை அதில் இல்லாதவற்றில் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்க வேண்டியதில்லை. சாதி இழிவுக்கான (r), (s) உட்பிரிவுகள் கோரும் ‘பொதுப் பார்வை’ என்ற நிபந்தனையும் இதற்கு இல்லை. அந்த நிபந்தனை எவ்வளவு பெரிய தடை என்பதை, அலுவலக அறைக்குள் நடந்ததாகக் கூறப்பட்ட திருச்சி மாவட்ட வழக்கு ஒன்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானபோது கண்டோம். புடவைக் கடையின் கிடங்கிலும் தறிக்கூடத்தின் மூலையிலும் சொல்லப்படும் சொல்லுக்கு (w) பொருந்தும். எதிர்த்தரப்புக்கு அப்பெண்ணையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 8(c) பிரிவு சொல்கிறது.

எல்லாச் சொல்லும் இதில் அடங்கிவிடாது. ‘வாடி’, ‘போடி’ என்று ஒருமையில் விளிப்பது சாதித் திமிராக இருக்கலாம். அதனாலேயே பாலியல் தன்மையுள்ள சொல்லாகாது. ‘ஐட்டம்’ அத்தகையதா? 2022 அக்டோபரில் மும்பையின் போக்சோ சிறப்பு நீதிமன்றம், சிறுமியின் தலைமுடியை இழுத்து ‘ஐட்டம்’ என்றழைத்த இளைஞருக்கு ஒன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தபோது, அது பெண்களைப் பாலியல் பண்டமாக்கும் சொல் என்றே கூறியது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் எடுத்துக்காட்ட உதவும்.

சொல்லை எழுதுங்கள்

இனி அந்த மனுவுக்குத் திரும்புவோம். ‘தகாத வார்த்தை’ என்ற கண்ணியமான தொடர் யாருடைய கண்ணியத்தைக் காத்தது? சொன்னவருடைய கண்ணியத்தையே. சொல் மறைந்தபோது குற்றமும் மறைந்தது. ‘காலனிப் பொண்ணுங்க’ என்பது விடுபட்டபோது சாதியும் மறைந்தது.

களத்தில் பணியாற்றும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. புகார் எழுதும்போது சொல்லப்பட்ட சொல்லை, சொல்லப்பட்டபடியே, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். நாள், நேரம், இடம், கேட்டவர்கள், மற்றப் பெண்கள் எப்படி அழைக்கப்பட்டனர் என்பதையும் எழுதுங்கள். வாய்மொழிப் புகாரை எழுத்தாக்கினால், கையொப்பம் பெறுமுன் அதைப் படித்துக் காட்டுவது அதிகாரியின் கடமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4(2)(a) பிரிவு கூறுகிறது. படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சொல் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். உடனே நகலைப் பெறுங்கள்.

வேலையிடத்தில் நடந்ததென்றால், 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் அங்கே புகார் அளிக்கலாம்.

நம் வாயையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2016 ஜூலையில் உத்தரப் பிரதேச பா.ஜ.க. துணைத் தலைவராக இருந்த தயாசங்கர் சிங், மாயாவதியைப் பாலியல் தொழிலாளியோடு ஒப்பிட்டு இழித்தார். அதை எதிர்த்து லக்னோவில் திரண்ட நம்மவர் சிலர், அவருடைய மனைவியையும் மகளையும் இழிவுபடுத்தும் முழக்கங்களை எழுப்பினர். ஒரு பெண்ணின் மாண்புக்கான போராட்டம் இன்னொரு பெண்ணின் உடலை ஆயுதமாக்கியது. சட்டக் கல்லூரி விடுதியில் ‘ஃபிகர்’ என்று எளிதாகச் சொல்லித் திரிந்தவர்களுள் நானும் ஒருவன். எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் நின்ற பெண்களைக் குறித்தே அதைச் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தப் பெண் இரண்டாவது மனுவைத் தம் கையாலேயே எழுதினார். ‘ஐட்டம்’ என்ற சொல் அதில் நான்கு முறை வருகிறது. ‘காலனி’ ஒரு முறை. இறுதியில் என்ன நிவாரணம் கோருகிறீர்கள் என்ற இடத்தில் அவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: கடையில் என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதை நான் திருத்தவில்லை.