ஆறும் பலித்த மாலை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளைச் சினிமாவுக்கு அழைத்துப்போனேன். வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்டிருந்த விண்வெளிப் படம். போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்தே இரண்டு பேரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவளுக்குக் கிரகங்கள் என்றால் உயிர். மொட்டை மாடியில் நின்று வியாழன் எது, சனி எது என்று எனக்குக் காட்டித் தருகிறவளே அவள்தான்.

படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. நீண்ட தூக்கத்திலிருந்து ஆறு பேர் எழுந்து, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வயதான எஞ்சினியர் சட்டைப் பையிலிருந்து பேத்தியின் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறார்.

"அத்தை, இந்தத் தாத்தாதான் மொதல்ல செத்துப்போவார், பாருங்க" என்றாள் காதோரமாக.

செத்துப்போனார். கலத்தை நடத்தும் கம்ப்யூட்டர் இனிமையான குரலில் பேசியதும், "இது கெட்டதா மாறிடும்" என்றாள். மாறியது. தலைவரை எப்போதும் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் கடைசியில் தன் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுவார் என்றாள். அதுவும் நடந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லி விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். இளம்பெண் ஒருத்தி மட்டும் தப்பித்துச் சிறு ஓடத்தில் பூமிக்குத் திரும்ப, அந்த ஓடத்தின் மூலையில் ஏதோ ஒன்று அசைவதோடு படம் முடிந்தது. அது அவளுடைய ஆறாவது விரல்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "எல்லாமே கரெக்டாச் சொல்லிட்டேன்ல?" பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாலே குதித்துக்கொண்டு வரும் பெண். அன்று ஆறும் பலித்தும் அவள் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. ஏமாந்துபோன குழந்தையின் குரல் எனக்குத் தெரியும்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நூற்றுக்கணக்கானோர் இரவு பகல் பாராமல் உழைத்திருப்பார்கள். கிராபிக்ஸில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. சனியின் வளையங்களை ஒட்டி அந்தக் கலம் மிதந்துபோன காட்சியில் நாங்கள் இருவரும் பாப்கார்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை உழைப்பும் எங்கே போய்க் கரைந்தது என்ற கேள்விதான் என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேச நினைத்தேன்.

நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்பதுதான் குறையா? இரண்டு மூன்று நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி இருக்க முடியாது.

நான் வளர்ந்தது செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா வந்தால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். கைக்குழந்தைக்கு மட்டும்தான் தெரியாது. அர்ச்சுனன் தபசு அன்று, நட்டு வைத்த உயரமான கம்பத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். அவருக்குப் பாசுபதம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கீழே பிள்ளை வரம் கேட்டு ஈரச் சேலையோடு நிற்கும் பெண்களின் கண் அவர் காலை விட்டு நகராது. மேலிருந்து வில்வமும் எலுமிச்சம்பழமும் விழும்போது முந்தானையை விரித்து ஓடுவார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துக்கொண்டு படுத்திருப்பான். திரௌபதி கூந்தலை முடியும் அந்த நேரத்தில் என் பாட்டி அழுவாள். வருஷா வருஷம் அதே இடத்தில், அதே அழுகை. 'இதுதான் நடக்கும் என்று தெரியுமே' என்று ஒரு வருஷமாவது பாட்டி எழுந்து வீட்டுக்கு வந்ததில்லை.

விண்வெளிக் கதையிலேயே பாருங்கள். அப்பல்லோ 13 விண்கலத்தில் போன மூவரும் 1970 ஏப்ரல் 17 அன்று உயிரோடு திரும்பினார்கள். உலகமே அறிந்த செய்தி. 25 ஆண்டு கழித்து ரான் ஹோவர்ட் அதைப் படமாக எடுத்தபோது, முடிவு தெரிந்த கூட்டம்தான் தியேட்டரில் உட்கார்ந்திருந்தது. பழுதான கலத்துக்குள் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது. அதை வடிகட்டும் பெட்டி ஒரு பகுதியில் சதுரம். மூவரும் உயிருக்கு ஒதுங்கியிருக்கும் இன்னொரு பகுதியிலோ வட்டமான துளை. பூமியில் இருக்கும் எஞ்சினியர்கள், அந்தக் கலத்தில் கிடைக்கும் பொருள்களை மட்டும் ஒரு மேசைமேல் கொட்டி, பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் டேப், விண்வெளி உடையின் குழாய் இவற்றை வைத்துச் சதுரத்தை வட்டத்தோடு பொருத்துகிறார்கள். பிழைப்பார்கள் என்று தெரிந்தும் அந்த இடத்தில் என் உள்ளங்கை வியர்த்தது. எதை எதோடு ஒட்டினார்கள் என்பது கண் முன்னால் நடந்தது, அதுதான் காரணம்.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வருகிறேன். அந்த எஞ்சினியர் சாவார் என்று சொல்ல, என் மருமகளுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு முன் பார்த்த நாலு படங்கள் தெரிந்திருந்தால் போதும். கதைக்குள் இருந்து வரவேண்டிய பதில் பழைய கதைகளிலிருந்து வந்தது. திரௌபதியின் கூந்தல் ஏன் அவிழ்ந்தது என்று எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் ஏன் கெட்டுப்போனது என்று அந்தப் படத்துக்கே தெரியாது. கெட்டுப்போக வேண்டிய நேரம் வந்தது, கெட்டுப்போனது.

அறிவியல் புனைகதை நமக்குக் கொடுக்கும் வாக்கு ஒன்றே ஒன்றுதான். 'இப்படி ஒன்று இருந்தால்?' என்று கேட்டுவிட்டு, அதன் பின்னாலேயே கடைசிவரை போவது. தொடக்கம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. 2016இல் வந்த 'அரைவல்' படத்தில், எத்தனையோ படங்களில் பார்த்ததுபோலவே வேற்றுக்கிரகக் கலங்கள் பூமியில் வந்து நிற்கின்றன, மொத்தம் 12. படைகள் சூழ்கின்றன. அடுத்து குண்டுதான் என்று நினைத்தால், மொழியியல் பேராசிரியை ஒருத்தி வெள்ளைப் பலகையில் 'மனிதர்' என்று பெரிதாக எழுதி அவர்கள் முன்னால் தூக்கிப் பிடிக்கிறாள். அங்கிருந்து படம் முழுக்க மொழியைப் பற்றியது. டெட் சியாங் எழுதிய கதை அது. பணமும் பெரிய தடை இல்லை. ஷேன் கருத் என்பவர் ஏறத்தாழ 7,000 டாலர் செலவில் 'பிரைமர்' என்ற காலப்பயணப் படத்தை எடுத்து, 2004இல் சன்டான்ஸ் விழாவின் பெரிய பரிசை வாங்கினார்.

நம் பக்கத்தில் இது நடக்காமல் இல்லை. ரவிக்குமார் இயக்கி 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை' நினைவிருக்கிறதா? கால இயந்திரம் கையில் கிடைத்தவர்கள், காணாமல்போன பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லிச் சம்பாதிக்கிறார்கள். இருவரில் ஒருவர் ஜோசியர். நம் ஊரில் அப்படி ஒரு இயந்திரம் கிடைத்தால் முதலில் நடக்கக்கூடியது இதுதான் என்று உடனே நம்ப முடிந்தது. பிறகு, செத்திருக்க வேண்டிய ஒரு ரவுடி இவர்கள் செய்த காரியத்தால் பிழைத்துக்கொள்கிறான். அந்த ஒரு பிசகு இவர்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வருகிறது. போட்ட விதியைப் படம் மறக்கவில்லை.

அதற்கும் முன்னால் எழுத்தாளர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்த நாள்களில் எங்கள் வீட்டில் புத்தகம் யார் கைக்கு முதலில் போவது என்று சண்டை நடக்கும். அப்பாவிடமிருந்து அண்ணன், அண்ணனிடமிருந்து நான். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி, புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கத் தொடங்கும். அது அடுத்து என்ன செய்யும் என்று அந்த வயதில் நாங்கள் போட்ட கணக்கு ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை. படித்தபிறகு, வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது என்று தோன்றும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் அவர். இயந்திரத்தின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தவர் எழுதிய கதை என்பது வரிக்கு வரி தெரியும்.

நம் இதழுக்கும் மாதந்தோறும் அறிவியல் சிறுகதைகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் நானே படிக்கிறேன். நிறையக் கதைகள் ஏதோ ஒரு தொலைதூர ஆண்டில் தொடங்குகின்றன; ரோபோ ஒன்று தன்னைப் படைத்தவரின் மேல் அன்பு வைக்கிறது, அல்லது அவரைக் கொல்கிறது. எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டை விட்டுவிடுங்கள். உங்கள் தெரு ரேஷன் கடையில், உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில், இன்று இல்லாத ஒரே ஒரு பொருளைக் கொண்டுவந்து வையுங்கள். அடுத்த நாள் காலை அங்கே யார் என்ன செய்வார்கள் என்று பொறுமையாகப் பின்னால் போங்கள். அப்படி ஒரு கதை வந்தால் அட்டையிலேயே போடுவேன்.

என் மருமகளின் அந்த முகத்தை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அவளுக்கு ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யைப் போட்டேன். 1968இல் வந்த படம். நம் பக்கத்துத் தீவில், கொழும்பில் பல்லாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் குப்ரிக்கோடு சேர்ந்து எழுதியது. அவரும் சுஜாதாவும் 2008இல் மூன்று வார இடைவெளியில் நம்மை விட்டுப் போனார்கள்.

தொடக்கத்தில் 20 நிமிடத்துக்கும் மேலாக ஒரு வசனம்கூடக் கிடையாது. நெளிந்தாள். தண்ணீர் குடிக்க இரண்டு முறை எழுந்து போனாள். ஹால் என்ற கம்ப்யூட்டர் தன் சிவப்புக் கண்ணோடு வந்ததும், "இதுவும் கெட்டதாயிடும், அத்தை" என்று முதல் விரலை மடக்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆன்டெனாவின் ஒரு பாகம் 72 மணி நேரத்தில் பழுதாகிவிடும் என்கிறது ஹால். கழற்றிச் சோதித்தால் அதில் பழுதே இல்லை. சந்தேகப்பட்ட இரண்டு வீரர்களும் ஒரு சிறு ஓடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தி, மைக்கை அணைத்து, ஹாலுக்குக் கேட்காதபடி பேசுகிறார்கள். ஹாலின் பெரும்பகுதியை அணைத்துவிடலாமா என்று. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே சிவப்புக் கண். திடீரென்று சத்தம் நின்றுவிடுகிறது. திரை முழுக்க ஒருவரின் உதடு, மற்றவரின் உதடு, மறுபடி இவருடையது. கேமரா இங்கும் அங்கும் திரும்புகிறது. அது உதட்டைப் படிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நமக்கே புரிகிறது. அந்தக் காலத் தியேட்டர்களில் இடைவேளை விட்டது அந்த இடத்தில்தான். நானும் அங்கேயே நிறுத்தினேன்.

அவள் மடக்கிய விரலை எப்போது விட்டாள் என்று கவனிக்கவில்லை. டிவியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு என் காதருகே வந்தாள்.

"அத்தை, அது ஏன் இப்படிப் பண்ணுது?"

அவளுக்கு அன்று சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். பயணத்தின் உண்மையான நோக்கம் அந்தக் கலத்தில் விழித்திருந்த எவருக்கும் தெரியாது. ஹாலுக்கு மட்டும் தெரியும். படத்தில் இது பிற்பாடு ஒரு சிறு வீடியோ செய்தியாக வருகிறது. கிளார்க் தன் நாவலில் விரிவாகவே எழுதியிருக்கிறார்: உள்ளதை உள்ளபடி சொல்லவென்றே படைத்த ஓர் இயந்திரத்திடம், கூட இருப்பவர்களிடம் மறைக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த இரண்டு கட்டளைக்கும் நடுவில் அது நசுங்கியது. பின்னால் வந்த எத்தனையோ படங்கள் அந்தச் சிவப்புக் கண்ணையும் இனிய குரலையும் எடுத்துக்கொண்டன. காரணத்தை விட்டுவிட்டன.

"நீ என்ன நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். பள்ளிக்கூடம், டியூஷன் என்று அந்த வாரம் ஓடிவிட்டது. வியாழக்கிழமை இரவு அண்ணனின் போனிலிருந்து அவள் பேசினாள்.

"அத்தை, அது தப்பாச் சொல்லிடுச்சுல்ல, அந்த ஆன்டெனா விஷயம். எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சேன்னு பயந்திருக்குமோ? சண்டேக்கு வரவா, மீதியப் பாக்க?"

அன்புடன்,
ஆசிரியர்