கடிவாளம் யார் கையில்?

"கணினி பழசாகிவிட்டது. ஆமை மாதிரி நகருகிறது. புதிது வாங்கினால்தான் உண்டு!"

பல வீடுகளில் இன்று இந்தப் பேச்சு கேட்கிறது. மகனுக்குக் கல்லூரிப் பாடம். மகளுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. மடிக்கணினி இல்லாமல் இரண்டும் நடக்காது. அது மந்தமானால் வீடே தவிக்கிறது.

அது பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. தமிழக அரசு 2011-ம் ஆண்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் கணினியைத் தொட்டுப் பாராத குடும்பங்களிலும் அது நுழைந்தது. அப்படிப்பட்ட குடும்பம் இன்னொன்று வாங்குவது என்றால் சும்மாவா? சேமிப்பு கரையும். இல்லாவிட்டால் கடன் ஏறும்.

எனவே, வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கணினி உண்மையிலேயே கிழடாகிவிட்டதா? அல்லது, "மெதுவாகப் போ" என்று யாராவது அதற்கு உத்தரவு போட்டு வைத்திருக்கிறார்களா?

கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிரை ஓடவில்லை என்று குறை சொல்லலாமா?

துடிக்கும் மூளை

கணினியின் மூளைக்குப் புராசசர் என்று பெயர். கட்டைவிரல் நகம் அளவுள்ள சிலிக்கான் சில்லு. அது இதயம் போலத் துடித்துத் துடித்து வேலை செய்கிறது.

இன்டெல் நிறுவனம் 1971-ம் ஆண்டில் 4004 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது விநாடிக்கு 7 லட்சத்து 40 ஆயிரம் தடவை துடித்தது. இன்றைய சில்லுகளில் பல, விநாடிக்கு 300 கோடி, 400 கோடி தடவை துடிக்கின்றன!

ஆனால் வேகம் சும்மா வருவதில்லை. துடிப்பு ஏறினால் மின்சாரம் அதிகம் வேண்டும். மின்சாரம் ஏறினால் உஷ்ணம் ஏறும். இந்த உஷ்ணம் பெரிய நிறுவனத்தையே பணிய வைத்தது. விநாடிக்கு 400 கோடி துடிப்புள்ள 'பென்டியம் 4' சில்லை வெளியிடும் திட்டத்தை 2004-ம் ஆண்டில் இன்டெல் கைவிட்டது.

அடுப்பும் தீயும்

உலை கொதிக்கும் வரை தீ பெரிதாக எரிய வேண்டும். கொதித்த பிறகு தணிக்க வேண்டும். இது எந்தத் தாய்க்கும் தெரியும். கணினி செய்தவர்களும் இதே வழியைத்தான் பிடித்தார்கள்.

2000-ம் ஆண்டில் மடிக்கணினிகளுக்கு வந்த ஒரு 'பென்டியம் 3' சில்லு, மின் இணைப்பில் இருக்கும்போது விநாடிக்கு 65 கோடி தடவை துடித்தது. பாட்டரியில் ஓடும்போது 50 கோடியாக இறங்கிக்கொண்டது.

வேகத்தைக் குறைப்பதில் லாபம் உண்டா? நிறைய உண்டு. வேகத்தையும் மின் அழுத்தத்தையும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், கணக்குப்படி சில்லு துடிப்பதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்!

2008-ம் ஆண்டில் வந்த 'கோர் ஐ7' சில்லுகளில் இன்னொரு வசதி சேர்ந்தது. அதன் பெயர் 'டர்போ பூஸ்ட்'. உஷ்ணம் அளவோடு இருந்தால், அவசர வேலைக்குச் சில்லு தன் வழக்கமான வேகத்தையும் தாண்டி ஓடும்.

உத்தரவு எங்கே இருக்கிறது?

விண்டோஸ் கணினியில் வேகத்துக்கு வழக்கமாக மூன்று நிலைகள் உண்டு. ஒன்று சிக்கனம். ஒன்று நடுநிலை. ஒன்று முழு வேகம்.

விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்' போய், 'பவர் அண்டு பேட்டரி' என்பதைத் தொட்டால் 'பவர் மோட்' தெரியும். அங்கே சிக்கனம் என்று இருந்தால் மந்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். என்றைக்கோ பாட்டரி மிச்சம் பிடிக்க மாற்றி, பிறகு மறந்து போயிருக்கலாம்.

இன்னொரு இடமும் உண்டு. 'கண்ட்ரோல் பேனல்' பகுதியில் 'பவர் ஆப்ஷன்ஸ்'. அதன் உட்பிரிவில் 'மேக்சிமம் புராசசர் ஸ்டேட்' என்று ஓர் எண் இருக்கும். (சில கணினிகளில் இது மறைந்திருக்கும்.) பாட்டரிக்குத் தனி எண், மின் இணைப்புக்குத் தனி எண். மின் இணைப்புக்கு 100 இருந்தால் தடை இல்லை. 50 என்று இருந்தால்? குதிரையின் கால் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்!

100-க்குப் பதில் 99 என்று வைத்தாலே பல கணினிகளில் 'டர்போ' நின்றுவிடும். ஓர் எண்தான் குறைவு. வேகத்திலோ பெரிய இழப்பு.

எப்போதும் முழு வேகமா?

அப்படியானால் எந்நேரமும் முழு வேகத்தில் வைத்துவிடலாமா? கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

மின் கட்டணம் பெரிதாக ஏறிவிடாது. 65 வாட் சார்ஜர் முழுமூச்சாக 15 மணி நேரம் வேலை செய்தால்தான் சுமார் ஒரு யூனிட் ஆகும். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விசிறி இரைந்துகொண்டே இருக்கும். பாட்டரி சீக்கிரம் தீரும். உஷ்ணம் பாட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

உஷ்ணம் எல்லை மீறினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காக வைத்த ஏற்பாடே வேகத்தைக் கெடுக்கும்!

கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் நடுநிலை போதும். படத்தொகுப்பு, பெரிய கணக்கு போன்ற கனமான வேலைகளின்போது, மின் இணைப்பில் வைத்து முழு வேகம் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

இதற்குப் பிறகும் மந்தமா? காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்திருக்கலாம். மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்துவதால் காற்று போகாமல் இருக்கலாம். சக்தி குறைந்த சார்ஜர் மாட்டியிருக்கலாம். நினைவகம் போதாமல் இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குப் புதுக் கணினியின் விலையில் சிறு பங்கே செலவாகும்.

சொல்ல வேண்டியவர்கள்

பழுது பார்க்கும் கடைக்காரர்கள், "புதிது வாங்குங்கள்" என்று சொல்வதற்கு முன் இந்த உத்தரவைத் திறந்து பார்க்க வேண்டும். அது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் காப்பாற்றலாம்.

பள்ளிகளில் கணினிப் பாடம் நடத்துகிறவர்களும் இதைச் சொல்லித் தர வேண்டும். கணினியில் எழுதவும் வரையவும் கற்ற பிள்ளைக்கு, அதன் கடிவாளத்தைப் பிடிக்கவும் தெரிய வேண்டாமா?

கணினி வாய் திறந்து சொல்லாது. சொந்தக்காரர்தான் திறந்து பார்க்க வேண்டும். பணத்தை எடுப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்!