ஒரகடம் காற்றுக் கணக்கில் நெல்லுக்கு இடம் உண்டா?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தைச் சுற்றி, கார், லாரி ஆலைகளை ஒட்டி இன்னும் நெல் விளைகிறது. சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் திட்டங்களின் தாக்க அறிக்கையில், "ஆலையால் காற்றில் கூடும் மாசு இவ்வளவு, வரம்புக்குள்தான்" என்று ஓர் எண் இருக்கும். அதை யாரும் வயலில் நின்று அளக்கவில்லை. ஆலை வருவதற்கு முன்பே கணினி போட்ட கணக்கு அது.

இதற்கு 'ஏர்மாட்' என்ற அமெரிக்க மென்பொருளைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். புகைபோக்கியின் உயரம், புகையின் வெப்பம், மணிவாரியாகக் காற்றின் திசை, வேகம் எல்லாம் கொடுத்தால், எந்த ஊரில் தரைமட்டத்தில் எவ்வளவு மாசு சேரும் என்று சொல்லும். செங்கல் சூளைப் புகை எந்தப் பக்கம் சாயும் என்று நாம் கண்ணால் பார்ப்பதை அது எண்ணாக்குகிறது. முறையில் தவறில்லை. ஆனால் சாலையில் ஓடும் லாரிகளையும் பக்கத்து ஆலைகளையும் சேர்க்காமல் போட்டால், விடையும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

நமக்கு முக்கியமானது ஓசோன். இது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை. டீசல் புகையும் பெயின்ட் கரைப்பான் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து, காற்று போகும் திசையில் சில கிலோமீட்டர் தள்ளி உருவாகிறது. ஏர்மாட் இதைக் கணக்கிடாது. அதற்கு வேதிவினைகளையும் சேர்த்துக் கணிக்கும் பெரிய மாதிரிகள் வேண்டும். 2009 தேசியத் தரத்தில் ஓசோனுக்கு 8 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். பயிருக்கென்று தனி வரம்பு அதில் கிடையாது.

ஓசோன் இலைத்துளை வழியே நுழைந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும். நெல், நிலக்கடலை இரண்டும் பாதிக்கப்படும். வெயில் கடுமையான சொர்ணவாரியில் முதிர்ந்த இலைகளின் மேற்புறம் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால், உடனே பூஞ்சாணக்கொல்லி தெளிக்க ஓட வேண்டாம். பழுப்புப் புள்ளி நோயென்றால் புள்ளிகள் எள் வடிவில் பெரிதாகி மஞ்சள் வளையம் கட்டும். துத்தநாகக் குறையும் இதே சாயல்தான். மண் பரிசோதனை செய்துவிடுங்கள். தேதியோடு படம் எடுத்து வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தர 2006 அறிவிக்கையிலேயே வழி இருக்கிறது. அதனால் பேட்டை அமையும்போதோ விரிவாகும்போதோ நடக்கும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். லாரிப் புகை சேர்ந்ததா, காற்றுத் தரவு எந்த மாதங்களுடையது, ஓசோன் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னாலும் பதிவாகும், ஆனால் எழுதிக் கொடுத்ததற்கு நகல் நம் கையில் இருக்கும்.