வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் தேவைதானா?

2012-ஆம் வருட மின்வெட்டைத் தமிழ்நாட்டில் அவ்வளவு சீக்கிரம் யாரும் மறக்க முடியாது. சென்னைக்கு 2 மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கும் மேல்! பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் பலருக்கும் பிழைப்பே விசைத்தறிதான். கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். வசதி உள்ளவர்கள் வீட்டில் மட்டும் சின்ன ஜெனரேட்டர் படபடவென்று ஓடும். அதன் சத்தமும் புகையும் பக்கத்து வீட்டுக்கு இலவசம்.

அந்த மின்வெட்டுக் காலம் போய்விட்டது. ஆனால் 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல்கள் வந்து போனபோது பல இடங்களில் நாள்கணக்கில் இருட்டு. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் "ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமா?" என்ற பேச்சு வீடுகளில் எழுகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. 1 கேவிஏ அளவுள்ள பெட்ரோல் ஜெனரேட்டர், லிட்டருக்கு ஏறத்தாழ 1 யூனிட் தரும். நன்றாக ஓடினால் ஒன்றரை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் 70 முதல் 100 ரூபாய்! இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இந்த விலை. இதில் இயந்திரத்தின் தேய்மானம் சேரவில்லை. வருடத்தில் நாலு நாள் ஓடி மீதி நாளெல்லாம் மூலையில் தூங்கும் முதலீடு அது.

சரி, காசு போனால் போகட்டும், தண்ணீராவது ஏறுமா? அதுவும் சந்தேகம்தான். 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போதே முக்கால் கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். 1 கேவிஏ மெஷின் அங்கேயே திணறி நின்றுவிடும்.

காசை விடப் பெரிய விஷயம் உயிர். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அமெரிக்காவில் மட்டும் இதனால் வருடத்துக்கு ஏறத்தாழ 100 பேர் இறப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. மழை பெய்கிறது, திருடு போய்விடும் என்று வராண்டாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுவது, வீட்டோடு எமனைக் கூப்பிடுவதற்குச் சமம்.

இன்னொரு தவறு, ஜெனரேட்டர் ஒயரைச் சுவரிலுள்ள பிளக்கில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பது. மெயின் அணைக்காமல் இருந்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மர் வழியாக உயர் அழுத்தமாகவும் மாறும். அந்த நேரத்தில் கம்பத்தின் மேல் யார் இருப்பார்? நம் தெருவுக்கு வெளிச்சம் கொண்டுவர மழையில் ஏறிய லைன்மேன்! 2018-இல் கஜா புயலில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தபோது, அவற்றை நட்டு நிறுத்தியவர்கள் இவர்கள்தான். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

அப்படியானால் என்னதான் வழி? இரண்டு ஃபேன், நாலு விளக்கு, செல்போன் சார்ஜ் என்றால் 150 ஏஹெச் பேட்டரி போட்ட ஒரு இன்வெர்ட்டர் 5, 6 மணி நேரம் தாங்கும். புகை இல்லை, சத்தம் இல்லை. நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது தண்ணீர் ஏற்ற, தெருவுக்கு ஒரு பெரிய ஜெனரேட்டர் போதும். வர்தா, கஜா சமயங்களில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வந்து, வீடு வீடாகத் தொட்டி நிரப்பி மணிக்கணக்கில் வாடகை வாங்கினார்கள். அதையே தெருவாசிகள் பங்கு போட்டு வாங்கி வைத்தால் வாடகை கொள்ளையும் இல்லை, காசில்லாத வீட்டுக்கும் ஒரு குடம் தண்ணீர் கிடைக்கும்.

ஆக்சிஜன் மெஷினை நம்பி இருக்கும் நோயாளி உள்ள வீட்டுக்குத் தனி ஜெனரேட்டர் அவசியம்தான், அதில் மறுபேச்சில்லை. மற்றவர்கள் கடைக்குப் போகும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிப் பார்க்கலாமே!