ராணியின் தூமைத் துணியை வெளுத்தது யார்?

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மாணவர்களைக் கூட்டிப் போனால் முதல் கேள்வி: "வேலு நாச்சியார் எங்கங்க படுத்தாங்க, எங்க குளிச்சாங்க?" கேட்கட்டும். அரண்மனைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் என் கண் புறக்கடைக்குத்தான் போகிறது.

1772இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தவர், 1780இல் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு வருசத்தில் அவர் வாள் சுழற்றியது, ஐதர் அலியிடம் உருது பேசியது எல்லாம் மேடைதோறும் கேட்கிறோம். தூமைத் துணியை வெளுத்தது யார்? பீ அள்ளியது யார்? குதிரைச் சேணத்துக்குத் தோல் பதனிட்டது, செத்த குதிரையை இழுத்துப் போட்டது யார்?

குயிலி பேரு இருக்கே என்பீர்கள். இருக்கு. உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்று கதை சொல்வதால் இருக்கு. பாயாமல் எட்டு வருசம் பாத்திரம் விளக்கியவளுக்கு?

எங்க அப்பத்தா ஒரு ஜமீன் வீட்டில் சாணி அள்ளினவள். முன்வாசல் மிதித்ததில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்தது. அவள் தலைக்கூடை அதற்கப்புறமும் இறங்கவில்லை. அய்யாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்த மருமகள் ராத்திரியில் அழுவாள், அத்தனையும் அவளுக்குத் தெரியும். எம்.ஏ.வில் மெய்க்கீர்த்திகளை மனப்பாடம் செய்த நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆய்வேடு எழுதுகிற தம்பி தங்கச்சிகளே, உங்க ஊர்ச் சேரியில் இன்னும் ரெண்டு மூணு கிழவிகள் இருப்பார்கள். ஆவணக் காப்பகத்துக்கு அப்புறம் போகலாம். முதல்ல அங்க போய் உக்காருங்க.