புதிதாய் வந்தவரின் வினா

பள்ளியை வேண்டாமென்று விலகியவர்கள் கூடும் இடங்களில் ஒரு விநோதத்தைக் காணலாம். வினவும் குழந்தையைப் பள்ளி அடக்கிவிடுகிறது என்பது அங்குள்ள அனைவரும் ஒருமித்துச் சொல்லும் குற்றச்சாட்டு. ஆனால் அந்தக் கூட்டத்திற்கு முதன்முறையாக வந்த ஒரு தாய், "பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டால் அவையில் ஒரு மௌனம் விழுகிறது. "நீங்கள் இன்னும் பள்ளியை விட்டு வெளியே வரவில்லை, அம்மா" என்று மூத்தவர் ஒருவர் புன்னகையோடு சொல்வார். அதன்பின் அந்தத் தாய் வாய் திறப்பதில்லை. அடுத்த கூட்டத்திற்கு வருவதுமில்லை.

இத்தனைக்கும் அவ்வினாவுக்கு நேரான விடை இருக்கிறது. 14 வயது நிறைந்த பிள்ளை, வழக்கமான பள்ளி எதிலும் சேராமலேயே தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும் மறுமொழி. அதை விடுத்து, வினவியவரின் மனநிலையை ஆராயப் புகுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. அவர் வழி கேட்டார். நாம் அவருக்கு நோய் கண்டுபிடித்தோம்.

'அன்ஸ்கூலிங்' என்னும் சொல்லை 1970களில் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் ஹோல்ட். பாடத்திட்டத்தை வீட்டிற்குள் கொண்டுவருவதை அவர் நாடவில்லை. குழந்தை தன் ஆர்வத்தின் வழியே வாழ்ந்து கற்பதையே அச்சொல்லால் குறித்தார். 1977இல் அவர் தொடங்கிய 'குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' இதழ், அவர் 1985இல் மறைந்த பின்னரும் 2001 வரை வெளிவந்தது. அவ்விதழின் பக்கங்களைப் பெரிதும் நிரப்பியவை பெற்றோரின் கடிதங்களே. ஐயமும் அச்சமும் அனுபவமும் அருகருகே அச்சேறின. அவ்வியக்கம் வேர்கொண்டது அந்த உரையாடலில்தான் என்பது நம் எண்ணம்.

சந்தவாசலில் இருந்துகொண்டு இதைப் பேசுகையில் வேறொரு கேள்வியும் எழுகிறது. எதிரே நிற்பது ஜவ்வாது மலை. அதன் ஒருபுற அடிவாரத்தில், சிங்காரப்பேட்டையை அடுத்த புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இயங்குகிறது. திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது. வழக்கமான பள்ளிக்கு மாற்றுத் தேடுவோர் நாடி வரும் இடங்கள் இவை. அதே மலையின் மேல், பழங்குடியினரான மலையாளி மக்களிடையே, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய தலைமுறையினர் வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நம் கூட்டத்திற்கு வந்து, "நீங்கள் படித்து முடித்துவிட்டுப் பள்ளி வேண்டாம் என்கிறீர்கள், நாங்கள் இப்போதுதானே உள்ளே நுழைகிறோம்?" என்று கேட்டால், அதையும் பழக்கத்தின் பிடி என்று ஒதுக்கிவிட முடியுமா?

தமிழகத்தில் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பாளர்கள் அதற்குப் பெயரிட்டனர். பெருங்கிளர்ச்சி எழுந்தது, 1954இல் காமராசர் முதல்வரான பின் திட்டம் கைவிடப்பட்டது. 'செய்து கற்றல்', 'வாழ்விலிருந்து கற்றல்' என்று நாம் உவகையோடு உச்சரிக்கும் சொற்கள், அந்த நினைவைச் சுமந்து வருபவரின் செவியில் வேறு பொருள் தருகின்றன. நம் கருத்து எவ்விடத்தில் சாதியின் கைக்கருவியாகிவிடக் கூடும் என்பதை நமக்கு முன்பே அறிந்தவர் அவர். அவர் எழுந்து போய்விட்டால் இழப்பு நமக்கே.

மூத்தவர்களின் அலுப்பையும் நாம் உணராமலில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கினால், பல ஆண்டுகளாக இவ்வழியில் நடப்பவர்கள் தங்கள் நுட்பமான சிக்கல்களைப் பேசுவது எப்போது? வாதிட்டு வெல்வதற்கென்றே வருபவர்களும் உண்டு. வந்த மறுவாரமே மூத்தவர்களைவிடத் தீவிரராகிப் பிறரைக் கண்டிக்கப் புறப்படுபவர்களும் உண்டு. வந்தவர் எவராயினும் அவர் விருப்பப்படி அவையை நடத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

முறை வேண்டும். அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலாசிரியர் கொள்ளத்தகும் நிலைப்பாடுகளை ஏழு மதங்களாக வகுத்தார். உடன்படலும் மறுத்தலும் அவற்றுள் இரண்டே. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளே நின்று ஆராய்ந்து, பின் களைவது இன்னொன்று. மாறுபடும் இருவர் கருத்துகளுள் ஒன்றைத் தேர்ந்து துணிவது பிறிதொன்று. நம் உரையாசிரியர்களும் தாம் ஏற்காத பொருளை மறைத்ததில்லை. 'என்பாரும் உளர்' என்று பதிந்துவிட்டே தம் கருத்தை நிறுவினர். மறுக்கப்பட்டவரின் சொல்லும் அதனால் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

மேலை நாட்டு மாற்றுப் பள்ளிகளிலும் பயனுள்ள வழக்கங்கள் உள்ளன. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியில், சேர விரும்பும் பிள்ளை முதலில் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கிறது. ஏ. எஸ். நீல் 1921இல் நிறுவிய சம்மர்ஹில் பள்ளியில் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கொரு வாக்கு. பிள்ளைகள் விரும்பினால் மட்டும் வகுப்புக்கு வரலாம் என்ற அதன் நெறிக்கு அரசு ஆய்வாளர்களால் இடர் வந்து, 2000இல் வழக்கு லண்டன் நீதிமன்றத்தை எட்டியது. அரசு முன்வைத்த உடன்பாட்டை ஏற்பதா என்பதைப் பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே கூடிப் பேசி, வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். பள்ளியின் உயிரே ஊசலாடிய வேளையிலும் கலந்து பேசும் வழக்கம் கைவிடப்படவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன எளியவை. புதியவரோடு அமர்ந்து பேச மூத்தவர் ஒருவர் முறை வைத்துப் பொறுப்பேற்கட்டும். புதியவரும் சில நாள் உடனிருந்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டபின் வழக்காடட்டும். மூத்தவர் மறுமொழி கூறுகையில் ஹோல்ட்டையும் இவான் இல்லிச்சையும் துணைக்கு அழைக்காமல், தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி, வெற்றியையும் தடுமாற்றத்தையும் சேர்த்தே சொல்லட்டும். விடை தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்வதால் எவர் மதிப்பும் குறைந்துவிடாது. தீராத மாறுபாடு தீராததாகவே அவையில் பதிவாகட்டும்.

இக்கூட்டங்களில் பெரியவர்கள் வாதிடுகையில், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள். மாற்றுக்கருத்து சொன்னவருக்கு என்ன நேர்ந்தது, அவர் மீண்டும் வந்தாரா, அவருக்கு இடம் இருந்ததா என்பதை அவர்கள் கவனிக்கிறார்கள். பாடத்திட்டம் வேண்டாம் என்று சொன்ன நாம், அன்றைய பாடத்தை அவ்வாறுதான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.